அரிசி இருக்கும் வீட்டிலும் பசி: இளையோர் நாவல் எழுதுகிறவர்கள் கேட்கிறார்கள்

கஷ்டப்படும் வீட்டுப் பெண்ணை நாயகியாக வைத்து இளையோருக்கு நாவல் எழுதுகிறவர்களிடமிருந்து இம்முறை நிறையக் கடிதங்கள். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துப் பதில் தருகிறோம்.

நாயகிக்கு 15 வயது. ஆலங்குளம் பக்கம் ஒரு கிராமம். அப்பா இறந்துவிட்டார், அம்மா பீடி சுற்றுகிறார். எட்டு அத்தியாயம் எழுதி ஒரு பத்திரிகைக்கு அனுப்பினேன். “மனதை உருக்குகிறது, ஆனால் கதை நகரவில்லை” என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். கோளாறு எங்கே இருக்கும்?
— வாசகி, தென்காசி

நீங்கள் அனுப்பிய சுருக்கத்தில் எட்டில் ஆறு அத்தியாயங்கள் அழுகையில் முடிகின்றன. அழுது முடித்த பெண் அடுத்த அத்தியாயத்தில் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு அங்கே காரணமே இல்லை. கதை நகர ஒரு தொகை வேண்டும், ஒரு கிழமை வேண்டும், அந்தக் கிழமையில் பதில் சொல்ல வேண்டிய ஓர் ஆள் வேண்டும். அதனால் அடுத்த அத்தியாயத்தைத் தொடுவதற்கு முன் அந்த வீட்டின் ஒரு வாரக் கணக்கை ஒரு நோட்டில் எழுதுங்கள். கதையில் அது முழுவதும் வர வேண்டியதில்லை. உங்களுக்குத் தெரிந்திருந்தால் போதும்.

பீடி வீடு என்றால் வேலையிலிருந்து தொடங்குங்கள். கடையில் இலையும் புகையிலைத் தூளும் எடை போட்டுத் தருவார்கள். இலையை ராத்திரியே நனைத்து ஈரச்சாக்கில் சுற்றி வைக்க வேண்டும். ஈரம் போதாவிட்டால் சுருட்டும்போது இலை ஒடியும். கூடிவிட்டால் கட்டிய பீடியில் பூசணம் பூக்கும். அளவுத் தகட்டை வைத்துக் கத்தரியால் வெட்டி, நரம்பை எடுத்து, தூள் வைத்துச் சுருட்டி, முனையை மடக்கி, நூல் கட்ட வேண்டும். 25 பீடி ஒரு கட்டு. 1000 பீடி என்றால் 40 கட்டு. கைதேர்ந்தவருக்கே ஒரு பகல் முழுக்க வேண்டும், சமையலும் தண்ணீர் பிடிப்பதும் இடையில் வந்தால் விளக்கு வைத்த பிறகும் ஓடும். கடையில் கட்டைப் பிரித்துப் பார்த்து, ஒல்லியாக இருப்பதையும் தளர்ந்திருப்பதையும் கழித்துவிடுவார்கள். கழிவுக்குக் கூலி கிடையாது. இலை மட்டமாக வந்தால் 1000-க்குக் கொடுத்த இலையில் 900தான் தேறும். மீதிக்கு வெளியே காசு கொடுத்து இலை வாங்கி ஈடுகட்ட வேண்டும்.

இப்போது கணக்கு. கூட்ட எளிதாக இருக்கட்டும் என்று 1000-க்குக் கூலி 250 ரூபாய் என வைத்துக்கொள்வோம். (உங்கள் கதை நடக்கும் ஆண்டின் கூலியைப் பீடி சுற்றும் யாரிடமாவது கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.) ஆறு நாளுக்கு 1500. நாளுக்கு 50 பீடி கழிந்தால் ஆறு நாளில் 300 பீடி, அதில் 75 ரூபாய் போச்சு. இலை வாங்க 60. கையில் 1365. குழுக் கடனுக்கு வாரத் தவணை 650 என்றால் மிச்சம் 715. அதில் பால், காய், எண்ணெய், சோப்பு, போன் ரீசார்ஜ், தம்பிக்குக் காய்ச்சல் வந்தால் ஊசி. இந்த நேரத்தில் பத்தாம் வகுப்புப் பெண்ணுக்கு இரண்டு கைடும் ரெக்கார்டு நோட்டும் வாங்க 400 ரூபாய் வேண்டும்.

கதை இங்கேதான் புறப்படுகிறது. மகளும் உட்கார்ந்தால் நாளுக்கு 300 பீடி கூடும். வாரத்துக்கு 1800, அதாவது 450 ரூபாய். 400 கிடைத்துவிடும். ஆனால் தினமும் சாயங்காலம் மூன்று மணி நேரம் போகும், கைடு வாங்கிய பிறகு அதைப் படிக்க நேரம் இருக்காது. தவிர, கூடுதல் இலை வேண்டும் என்று அம்மா கடையில் கேட்க வேண்டும். பீடிக் கணக்கு எழுதும் பாஸ்புக் அம்மா பேரில் இருக்கிறது, கடைக்காரர் தரலாம், மறுக்கலாம். நாயகி குறுக்குவழி தேடட்டும். ஒவ்வொரு பீடியிலும் தூளை ஒரு சிட்டிகை குறைத்து, மிச்சத்தில் இன்னும் கொஞ்சம் சுற்றுகிறாள். சனிக்கிழமை கடையில் பத்துக் கட்டு கழிகிறது. அம்மாவுக்குக் காரணம் தெரியவில்லை. தன் கைதான் தளர்ந்துவிட்டது என்று நினைக்கிறார். இந்த நாலு வரியில் மூன்று அத்தியாயம் இருக்கிறது, ஒரு சொட்டுக் கண்ணீர் தேவைப்படவில்லை.

நாயகி தப்பு செய்யலாமா என்று இன்னொரு கடிதத்தில் கேட்டிருந்தார்கள். கட்டாயம் செய்ய வேண்டும். ஏழைப் பெண் என்பதற்காக அவளைக் குறையே இல்லாதவளாக ஆக்கினால், பதினாலு வயது வாசகி மூன்றாம் பக்கத்திலேயே அவளைப் பக்கத்து வீட்டு நல்ல பிள்ளையாக முடிவு கட்டிவிடுவாள்.

என் நாவலில் கந்துவட்டிக்காரர் வாசலில் நின்று மிரட்டும் காட்சி இருக்கிறது. படித்தவர்கள் எல்லோரும் “சினிமா மாதிரி இருக்கிறது” என்கிறார்கள். கடனை வேறு எப்படிக் காட்டுவது?
— வாசகர், மதுரை

மிரட்டுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் 2003-லேயே கந்துவட்டித் தடைச் சட்டம் வந்தும் தீரவில்லை. ஆனால் உங்கள் பிரதியில் அந்த வீட்டுக்கு ஒரே கடன், அதுவும் ஐந்து லட்சம். கூலி வீட்டுக்கு ஒரே ஆள் ஐந்து லட்சம் தூக்கிக் கொடுப்பது அரிது. அங்கே இருப்பது ஐந்தாறு சின்னக் கடன்கள். ஒன்றை வாங்கி இன்னொன்றை அடைப்பார்கள்.

ஒவ்வொன்றுக்கும் நடை வேறு. தண்டல் என்றால் 10,000 ரூபாய்க் கடனில் 1,500 பிடித்துக்கொண்டு 8,500 கையில் தருவார்கள். தினம் 100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். ‘மூணு வட்டி’ என்றால் நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய். அசல் அப்படியே நிற்கும், மாதாமாதம் வட்டி மட்டும் போகும். நகைக்கடன் என்றால் கம்மல் போய்க் காதில் ஈர்க்குச்சி வரும், பள்ளியில் எல்லோர் கண்ணிலும் படும். கடனை வயசுப்பெண் முதலில் உணர்வது பெரும்பாலும் இங்கேதான்.

இன்றைய கதைக்கு மிகவும் பொருந்துவது குழுக் கடன். சொத்து ஜாமீன் கிடையாது. பல இடங்களில் குழுவில் உள்ள பெண்களே ஒருவருக்கொருவர் ஜாமீன். ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் பங்கு போட்டுக் கட்டிவிட்டுத்தான் தவணைக் கூட்டத்தைக் கலைக்க முடியும். அதனால் வாசலில் வந்து நிற்பவர் மீசை வைத்த அடியாளாக இருக்க வேண்டியதில்லை. நாயகியின் உயிர்த்தோழியுடைய அம்மாவாக இருக்கலாம். அவர் கத்தமாட்டார். “உங்க அம்மா உள்ளதான இருக்கா?” என்று கேட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்துவிடுவார். மறுநாள் வகுப்பில் இரண்டு பெண்களும் ஒரே பெஞ்சில் உட்கார வேண்டும். உங்கள் நாவலுக்கு வேண்டிய காட்சி அது.

விதியையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். ரிசர்வ் வங்கி 2022-இல் கொண்டுவந்த நெறிமுறைப்படி, ஆண்டு வருமானம் 3 லட்சம் வரை உள்ள குடும்பத்துக்கு ஈடு இல்லாமல் தருவது சிறுகடன். குடும்பத்தின் எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் கடன் வாங்கியவரை அழைத்து நச்சரிக்கக் கூடாது. வலுக்கட்டாய வசூலுக்கு எதிராக 2025-இல் தமிழக அரசு தனிச் சட்டமும் கொண்டுவந்தது. நாயகிக்கு இவையெல்லாம் முதல் அத்தியாயத்தில் தெரிந்திருக்க வேண்டாம். பதினைந்தாவதில் தெரியவந்தால் அவள் கையில் ஒரு பிடி கிடைக்கும். ஆனால் ஒரு விதியைச் சொன்னதும் வசூலுக்கு வந்த ஏஜென்ட் வாயடைத்துத் திரும்பிப் போவதாக மட்டும் எழுதிவிடாதீர்கள்.

என் கதை 2014-இல் நடக்கிறது. “தகவல்கள் இடிக்கின்றன” என்கிறாள் தோழி. எதையெல்லாம் சரிபார்க்க வேண்டும்?
— வாசகி, சேலம்

தோழி சொல்வது சரி. முதல் பிரச்சினை பசி. உங்கள் கதையில் மூன்று நாள் அடுப்பு எரியவில்லை, காரணம் வீட்டில் அரிசி இல்லை. தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் அரிசி அட்டைக்கு ரேஷன் அரிசி இலவசம். அதனால் 2014-இல் அரிசியே இல்லாத வீடு என்றால் அதற்குத் தனிக் காரணம் வேண்டும்: அட்டை அடகில் இருக்கிறது, பிழைக்கப் போன ஊரில் அட்டை இல்லை, கூட்டுக்குடும்பம் பிரிந்தும் பெயர் இன்னும் மாமியார் அட்டையிலேயே இருக்கிறது. இவற்றில் ஏதேனும் ஒன்றை எடுத்துக்கொண்டால் அதுவே ஒரு கிளைக்கதை. இல்லையென்றால், அரிசி இருக்கும் வீட்டின் பசியை எழுதுங்கள். சோறு இருக்கும், குழம்புக்குப் புளி இருக்காது. எல்லாம் இருக்கும், சிலிண்டர் தீர்ந்திருக்கும். மூன்று வேளையும் வெறும் சோறு தின்னும் பெண்ணுக்கு வயிறு நிறையும், தலை சுற்றும். ரத்தசோகையை இப்படிக் காட்டினால் டாக்டர் வந்து விளக்க வேண்டியதில்லை.

அடுத்தது பள்ளிச் சாப்பாடு. சத்துணவு பத்தாம் வகுப்பு வரைதான். பதினொன்றாம் வகுப்பில் கால் வைத்ததும் மதியச் சாப்பாடு நின்றுவிடும். உங்கள் நாயகி ப்ளஸ் ஒன். அவளைச் சத்துணவு வரிசையில் நிறுத்தியிருக்கிறீர்கள். நேற்றுவரை முட்டையோடு சாப்பிட்டவள் இன்று டிபன் பாக்ஸ் தேட வேண்டிய ஜூன் மாதத்தை ஏனோ யாருமே எழுதுவதில்லை. காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில்தான் வந்தது, அதுவும் தொடக்கப் பள்ளிக்கு. இன்றைய கதையில் தம்பி பள்ளியில் உப்புமா சாப்பிட, அக்கா வெறும் வயிற்றோடு பஸ் ஏறலாம். 2014-இல் அது முடியாது.

பஸ்ஸும் அப்படியே. அரசின் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லாமல் ஆனது 2021 மே மாதம். 2014-இல் அம்மா ஆஸ்பத்திரிக்குப் போக டிக்கெட் காசு வேண்டும். ப்ளஸ் டூ மதிப்பெண்ணை 600-க்குப் போட்டிருக்கிறீர்கள், அப்போது 1200-க்கு. தென்காசி 2019 நவம்பர் வரை திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. உங்கள் இரண்டாம் பாகம் 2020, 2021-க்குப் போகிறதாமே, எச்சரிக்கை: கொரோனாவால் அந்த இரண்டு ஆண்டும் பத்தாம் வகுப்பில் எல்லோரும் தேர்ச்சி. அங்கே தங்கையை ஃபெயிலாக்க முடியாது.

கடைசியாகத் தாலிக்குத் தங்கம். 2014-இல் பத்தாம் வகுப்பு வரை படித்த பெண்ணின் திருமணத்துக்கு 25,000 ரூபாயும், பட்டம் படித்தவளுக்கு 50,000 ரூபாயும், கூடவே 4 கிராம் தங்கமும் கிடைத்தன. 2016-இல் தங்கம் 8 கிராம் ஆனது. மணமகளுக்கு 18 நிரம்பியிருக்க வேண்டும். இந்தத் திட்டம் உறவுக்காரர்களின் பேச்சையே மாற்றியது. “பத்தாவது முடிச்சிரட்டும், பதினெட்டு ஆகட்டும், தங்கம் வரும்” என்று பெரியம்மா கணக்குப் போடுவார். படிப்பும் அதில்தான் பிழைத்தது, கல்யாணமும் அதில்தான் நெருங்கியது. இன்றைய கதையில் அது புதுமைப்பெண் திட்டம்: 2022 செப்டம்பர் முதல், அரசுப் பள்ளியில் ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை படித்துக் கல்லூரி சேர்ந்த பெண்ணின் வங்கிக் கணக்குக்கே மாதம் 1000 ரூபாய். பணம் பெண் பேரில், ஏ.டி.எம். அட்டை யார் கையில் என்பது உங்கள் காட்சி.

குடிகார அப்பா வேண்டாம் என்கிறார்களே, உண்மையில் இருக்கிறார்களே?
— வாசகர், விழுப்புரம்

இருக்கிறார்கள். குடிப்பதைத் தவிர வேறு எதுவும் செய்யாத அப்பாதான் வேண்டாம். அவர் என்ன வேலைக்குப் போகிறார், கூலி தினமா வாரமா, குடிக்காத நாளில் மகளிடம் எப்படிப் பேசுவார் என்பதை எழுதிவிட்டுப் பிறகு குடிக்கவிடுங்கள். நேரமும் முக்கியம்: 2016 மே முதல் டாஸ்மாக் திறப்பது பகல் 12 மணிக்கு. காலை ஏழு மணிக்கு அவர் கடையில் வாங்கிக் குடித்ததாக எழுதினால் உள்ளூர் வாசகர் சிரிப்பார். அந்த நேரத்தில் கிடைப்பது கள்ளத்தனமாக, கூடுதல் விலைக்கு. அந்தக் கூடுதல் விலையும் வீட்டுக் கணக்கில் ஏற வேண்டும்.

நாயகி வயதுக்கு வரும் சடங்கை வைக்கலாமா? பழசாகத் தெரியுமோ என்று பயம்.
— வாசகி, திண்டுக்கல்

மஞ்சளும் பட்டுப்புடவையும் நாயகியின் வெட்கமும் மட்டும் இருந்தால் பழசுதான். மொய் நோட்டைக் கொண்டுவாருங்கள், புதுசாகிவிடும். ‘சாப்பாட்டுக்கு வழியில்லாத வீட்டில் எதற்குப் பந்தல்’ என்று நகரத்து வாசகர் கேட்பார். அந்த அம்மா இத்தனை வருடம் ஊரில் எல்லா விசேஷத்துக்கும் 101, 501 என்று செய்முறை செய்திருக்கிறார். அது திரும்பி வர வேண்டுமானால் தன் வீட்டில் ஒரு விசேஷம் நடந்தாக வேண்டும். பெண்ணின் உடம்பில் ஒரு மாற்றம் வந்த நாள், வீட்டுக்கு வரவேண்டிய பணம் வரும் நாளாகிறது. வாசலில் மேசை போட்டு ஒருவர் பெயர், ஊர், தொகை என்று எழுதுவார். வந்த ஒவ்வொரு தொகையும் பின்னால் கொஞ்சம் கூட்டித் திருப்பிச் செய்ய வேண்டிய கடன். தாய்மாமன் சீர் சொன்னபடி வராவிட்டால் அம்மாவுக்கும் அவர் அண்ணனுக்கும் பேச்சு அறும். நாயகிக்குத் தன் சடங்கில் தன் பங்கு என்ன என்று ஒரு கேள்வி எழலாம்; பதிலை நீங்கள் சொல்லிவிடாதீர்கள்.

அதோடு மாதவிலக்கு ஒருநாள் சடங்கோடு முடிகிற விஷயம் இல்லை. அரசின் புதுயுகம் திட்டத்தில் கிராமத்துப் பெண்ணுக்கு இரண்டு மாதத்துக்கு மூன்று பாக்கெட் நாப்கின், பாக்கெட்டுக்கு 6. மாதத்துக்கு 9 என்று வருகிறது. ஐந்து நாள் ஓடும் பெண்ணுக்கு 9 போதுமா? அக்கா தங்கை ஒருவர் பாக்கெட்டை இன்னொருவர் எடுத்துச் சண்டை போடும் ஒரு பக்கம், பாத்ரூம் இல்லாத வீட்டைப் பற்றிய மூன்று பக்க வருணனையைவிட நன்றாக வரும்.

கடைசி அத்தியாயத்தில் நாயகியின் 16 வயதுத் தோழிக்குக் கல்யாணம். நாயகி குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன் செய்கிறாள், கல்யாணம் நிற்கிறது, எல்லோரும் அவளைப் பாராட்டுகிறார்கள். சரியா?
— வாசகர், தருமபுரி

போன் சரி. பாராட்டு சந்தேகம். சட்டப்படி பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21. தமிழ்நாட்டில் மாவட்ட சமூகநல அலுவலர்தான் குழந்தைத் திருமணத் தடுப்பு அலுவலர். அவர்கள் போலீசோடு வந்து, இரு வீட்டாரிடமும் எழுதி வாங்குவார்கள். தேவைப்பட்டால் மாஜிஸ்திரேட்டிடம் தடையாணையும் வாங்கலாம். பெண்ணை மீட்டுக் கூட்டிப்போனால், பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழு முன் நிறுத்த வேண்டும். அங்கிருந்து இல்லத்துக்குப் போகலாம், பெற்றோரிடமே திரும்பவும் வரலாம்.

திரும்பி வந்தால்? பந்தலுக்கு வாங்கிய கடன் நிற்கிறது, மாப்பிள்ளை வீட்டார் கொடுத்த பரிசப் பணத்தைக் கேட்கிறார்கள், போன் செய்தது யார் என்று தெரு முழுக்கப் பேச்சு. போன் செய்தவர் பெயரை அதிகாரிகள் வெளியே சொல்லாவிட்டாலும் ஊருக்கு ஊகிக்கத் தெரியும். தோழியே நாயகியிடம் கோபப்படலாம். அந்தக் கல்யாணத்தில் அவளுக்கு விருப்பம் இருந்திருந்தால் கோபம் இன்னும் கூடும். உங்கள் கடைசி அத்தியாயத்தை நாவலின் மூன்றில் இரண்டு பங்கு முடியும் இடத்துக்கு நகர்த்திவிட்டு, அதன் பிறகு வரும் நாற்பது நாளை எழுதுங்கள். கல்யாணம் முடிந்தே போனாலும் கதவு முழுக்க அடைபடுவதில்லை: 18 நிரம்பி இரண்டு ஆண்டுக்குள், அதாவது 20 வயது வரை, அந்தத் திருமணத்தைச் செல்லாததாக்கக் கோரி அவளே நீதிமன்றம் போகலாம். இது தெரிந்த வாசகர் மிகக் குறைவு.

டீச்சரோ கலெக்டரோ வந்து காப்பாற்றும் முடிவுகளுக்கும் இதே பதில். அவர்கள் உதவட்டும், ஆனால் உதவி கேட்டுப் போகிற முடிவு நாயகியுடையதாக இருக்க வேண்டும். கேட்ட முதல் இடத்திலேயே கிடைத்துவிடவும் வேண்டாம். முதல் முறை வருமானச் சான்றிதழ் இல்லை என்று திருப்பி அனுப்பட்டும்.

எத்தனை பக்கம்? வட்டார வழக்கு எவ்வளவு?
— வாசகி, தூத்துக்குடி

13 முதல் 17 வயதினருக்கு 30,000 சொல் அளவு நல்லது, அத்தியாயத்துக்கு 1,500. வழக்கைப் பேச்சில் மட்டும் வையுங்கள், விவரிப்பில் வேண்டாம். நெல்லைப் பக்கம் என்றால் ‘ஏட்டி’, ‘இங்கன’, ‘சொல்லுதேன்’, ‘போறாவ’ என்று நாலைந்து சொல்லை விடாமல் ஒரே மாதிரி எழுதினால் ஊர் வந்துவிடும். ஒவ்வொரு எழுத்தையும் ஒலித்தபடியே எழுதினால் கோவை வாசகி பாதியில் மூடிவைப்பாள். அம்மா மகளை ‘ஏட்டி’ என்பார். மகள் அம்மாவைத் திருப்பி அப்படிச் சொல்லமாட்டாள். உங்கள் பிரதியில் 4, 9, 11-ஆம் அத்தியாயங்களில் இது தலைகீழாக இருக்கிறது, மாற்றிவிடுங்கள்.